பொலிஸ் எழுதிய வாக்குமூலப் பிரதி நமக்குக் கிடைக்குமா?

பெப்ரவரி 9, மாலை (வந்த கேள்வி)

அண்ணா மேல் போன மாதம் வழக்குப் போட்டிருக்கிறார்கள். பொலிசார் தங்களிடம் இருக்கும் சாட்சியத்தை முன்கூட்டிக் காட்டத் தேவையில்லை, விளக்க நாளில்தான் (வழக்கு விசாரணை நடக்கும் நாள்) ஒவ்வொன்றாக எடுப்பார்கள், அதற்கு முன் கேட்க நமக்கு உரிமையே இல்லை என்று ஊரில் ஒரு பெரியவர் அடித்துச் சொல்கிறார். அவர் முன்பு கோட்டில் வேலை பார்த்தவர். உண்மையா? அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 9, இரவு 10.40

பெரியவர் சொல்வது பாதி சரி, பாதி பழைய கதை. அம்மாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

அவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று தெரிகிறது. இலங்கையின் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 110 ஆம் பிரிவு. பொலிசார் புலனாய்வின்போது எழுதிய வாக்குமூலங்களை எதிரியோ (கோட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை அப்படித்தான் சொல்வார்கள்) அவருடைய ஆட்களோ கேட்டு வாங்க உரித்தில்லை, கோவையே வேறு இடத்தில் அனுமதித்தால் ஒழிய, என்று உண்மையாகவே அதில் இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே அரசியலமைப்பு இருக்கிறது. 13(3) உறுப்புரை குற்றம் சாட்டப்பட்டவருக்கு நீதியான விளக்கம் வேண்டும் என்கிறது. விஜேபால எதிர் சட்டமா அதிபர் வழக்கில் (2001 சட்ட அறிக்கைகளில் இருக்கிறது) நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, நீதியான விளக்கம் என்றால் அதற்குத் தேவையான எல்லாமும் அதற்குள் அடங்கும், முக்கிய சாட்சிகள் பொலிசுக்குச் சொன்னவற்றின் பிரதிகளும் அடங்கும் என்ற பொருளில் தீர்ப்பு எழுதினார். அதற்குப் பிறகு சட்டத்தரணிகள் கேட்கிறார்கள், நீதிமன்றங்கள் கொடுக்கின்றன. கேட்காதவருக்கு யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை, அது வேறு விஷயம்.

நான் சட்டத்தரணி இல்லை. அக்கா மகனுடைய வழக்குக்காக இரண்டு வருடம் கோட்டுப் படியேறிய தாய்மாமன். அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

பெப்ரவரி 10, காலை

படுக்கும்போதுதான் உறைத்தது, நேற்று இரண்டு நீதிமன்றத்தையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன்.

அண்ணாவின் வழக்கு நீதவான் நீதிமன்றத்திலா, மேல் நீதிமன்றத்திலா? மேல் நீதிமன்றம் என்றால் சட்டமா அதிபர் குற்றப்பகர்வுப் பத்திரம் (குற்றச்சாட்டுகளை எழுதிய பத்திரம்) அனுப்புவார், அதை இணைப்புகளோடு எதிரியிடம் கையளிக்க வேண்டியது நீதிபதியின் கடமை. சாட்சிகள் பட்டியல், சான்றுப்பொருள் பட்டியல், வாக்குமூலப் பிரதிகள் எல்லாம் ஒரு கட்டாகக் கைக்கு வரும். கட்டின் தடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாதி பொலிசார் எத்தனை மணிக்கு எங்கே போனார்கள் என்ற குறிப்புத்தான். (அந்தக் குறிப்புகளிலும் சில நேரம் தங்கம் கிடைக்கும், பிறகு சொல்கிறேன்.)

நீதவான் நீதிமன்றத்தில் அப்படிக் கட்டாக எதுவும் வராது. பொலிசாரே வழக்கை நடத்துவார்கள். நீதிமன்றம் குற்றச்சாட்டை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்கும், சுற்றவாளி என்றால் விளக்கத்துக்குத் தவணை போடும். அந்த இடத்தில்தான் நமது சட்டத்தரணி எழுந்து முதல் முறைப்பாட்டின் பிரதியும் சாட்சிகளின் வாக்குமூலப் பிரதியும் வேண்டும் என்று கேட்க வேண்டும், அல்லது நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) போட வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். நாங்களும் விட்டோம்.

பெப்ரவரி 10, இரவு

எங்கள் கதையைக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். சரி, சொல்கிறேன், ஊர், நிலையம், கோட்டுப் பெயர் எதுவும் கேட்கக்கூடாது.

2022 சிறுபோகம். யூரியா இல்லை, டீசலுக்கு வரிசை, வட்டையில் (வயல்வெளியில்) எல்லோருக்கும் மூக்கு நுனியில் கோபம். நாங்கள் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஆட்கள், வயல் மேற்கே படுவான்கரையில். ஒரு விடியற்காலை வக்கடை (வரம்பில் தண்ணீர் பாயும் வாய்) அடைத்தது யார், திறந்தது யார் என்று மருமகனுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வாய்த்தர்க்கம் வந்து கைகலப்பாகி, அந்த மனிதருக்குத் தோளில் காயம். மருமகன் அடித்தான், அதில் பொய் இல்லை. எதால் அடித்தான் என்பதுதான் வழக்கே.

பிடி கழன்று கிடந்தது, மண்வெட்டிப் பிடியால் ஒன்று போட்டேன் மாமா என்றான். பொலிசாரின் குற்றச்சாட்டில் மண்வெட்டியால் வெட்டியது என்று இருந்தது. கேட்க ஒன்றுபோல இருக்கும். தண்டனைச் சட்டக்கோவையில் அது இரண்டு வீடு. வெறும் காயம் என்றால் 314. வெட்டும் கருவியால் என்றால் 315, ஆபத்தான ஆயுதம், கதை வேறு.

முதல் சட்டத்தரணி நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு நாளைக்கு அவருக்கு இருபது வழக்கு. நான்கு தவணை ஒன்றுமே கேட்கவில்லை. நாங்களும் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் ஒவ்வொரு தவணைக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கடைசி வாங்கில் இருந்துவிட்டு வந்தோம். ஐந்தாம் தவணையில் அவர் வரவில்லை, அவருக்குப் பதிலாக வந்த இளம் பெண் சட்டத்தரணி கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, முதல் முறைப்பாடு எங்கே?" என்றாள். அப்படி ஒன்று இருக்கிறது என்றே அன்றுதான் எனக்குத் தெரியும்.

நகர்த்தல் பத்திரம் போட்டாள். அடுத்த தவணையில் பிரதி வந்தது. காயப்பட்டவர் அன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நிலையத்தில் சொன்னது: மண்வெட்டிப் பிடியால் அடித்தார். நான்கு நாள் கழித்துக் கட்டிலில் வைத்து எழுதிய இரண்டாவது வாக்குமூலத்தில்: மண்வெட்டியால் வெட்டினார். நடுவில் அந்த நான்கு நாளும் உறவுக்காரர் வந்து போனார்கள். அவ்வளவுதான்.

அக்காவுக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருந்தது, கோட்டில் மகனை ஒவ்வொரு முறையும் "எதிரி" என்று கூப்பிடுகிறார்களாம். "என் பிள்ளை யாருக்கடா எதிரி?" என்று வரும் வழியெல்லாம் அழுதாள்.

பெப்ரவரி 12

பி அறிக்கை பற்றிக் கேட்டவருக்கு: அது இரகசியம் இல்லை. பொலிசார் ஆளை முற்படுத்தும்போது நீதவானுக்குச் சம்பவத்தைச் சொல்லிக் கொடுக்கும் அறிக்கை அது, கோட்டுக் கோப்பில் இருக்கும். அத்தாட்சிப்படுத்திய பிரதிக்குப் பதிவாளரிடம் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் கிடைக்கும். வாக்குமூலங்கள் பொலிஸ் தகவல் புத்தகத்தில் இருப்பவை, அவை வேறு. பி அறிக்கையை வாசித்துவிட்டு "எல்லாம் பார்த்துவிட்டோம்" என்று இருக்காதீர்கள், அது பொலிசார் சொல்லும் சுருக்கம் மட்டுமே.

பெப்ரவரி 13, மதியம்

மொழி. இதைத் தனியாக எழுத வேண்டும் என்று முதல் நாளே நினைத்தேன்.

எங்களுக்கு வந்த பிரதி சிங்களத்தில் இருந்தது. சொன்னவர் தமிழர், அடிபட்டவர் தமிழர், எழுதியவருக்குத்தான் தமிழ் அரைகுறை. அம்பாறைப் பக்கம் இது இன்னும் அதிகம் என்று அக்கரைப்பற்று நண்பர் சொல்கிறார். கோட்டு வாசலில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கும் காக்கா சிங்களம் நன்றாக வாசிப்பார், அவர்தான் முதலில் வாசித்துச் சொன்னார். "முதல் தாளில பொல்லு மாதிரி ஒரு சொல் கிடக்கு தம்பி, ரெண்டாவதில உதெல்ல எண்டு கிடக்கு." உதெல்ல என்றால் மண்வெட்டி. பிடி எங்கே போனது? சொன்னவர் விட்டாரா, எழுதியவர் விட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

காக்காவின் வாசிப்பு கோட்டில் செல்லாது, ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை செல்லும். நீதிமன்ற மொழி தெரியாத தரப்புக்கு அரசு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தர வேண்டும், பெற உரித்துள்ள பதிவேட்டுப் பகுதிகளையும் தன் மொழியில் பெறலாம் என்று அதில் இருக்கிறது. வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். கேட்டால் தாமதமாகும், அது நிச்சயம். எங்களுக்கு இரண்டு தவணை போனது. மருமகன் பிணையில் வெளியே இருந்தபடியால் பொறுத்துக்கொண்டோம். ஆள் விளக்கமறியலில் இருந்தால் இதே தாமதம் நெஞ்சைப் பிழியும், அப்போது என்ன செய்வது என்று சட்டத்தரணியோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பெப்ரவரி 15

"அமெரிக்கப் படங்களில் பெட்டி பெட்டியாகக் கோப்பு அனுப்புகிறார்களே" என்று கேட்ட தம்பிக்கு. அங்கே 1963 இல் பிரேடி எதிர் மேரிலாந்து என்று ஒரு வழக்கு. இரண்டு பேர் சேர்ந்து செய்த கொலை, "நான்தான் கொன்றேன்" என்று கூட்டாளி பொபிலிட் கொடுத்த வாக்குமூலத்தை அரச தரப்பு பிரேடிக்குக் காட்டவில்லை. எதிரிக்குச் சாதகமானதைக் கேட்டும் மறைத்தால் அது நீதியான நடைமுறைக்கு மாறு என்றது அவர்களின் உச்ச நீதிமன்றம். ஆனால் பிரேடி விடுதலை ஆகிவிடவில்லை, தண்டனை எவ்வளவு என்பதை மட்டும் திரும்ப விசாரிக்கச் சொன்னார்கள். படத்தில் அந்தப் பகுதி வராது.

கனடாவில் இருக்கும் எங்கள் மச்சான் அதைவிடப் பெருமையாக ஸ்டின்ச்கோம்ப் வழக்கு என்று அனுப்பினான், 1991. எதிரி தானே ஒரு சட்டத்தரணி, அவருடைய பழைய செயலாளர் கொடுத்த வாக்குமூலத்தைத் தரமாட்டோம் என்றார்கள். அங்கத்தைய உச்ச நீதிமன்றம், புலனாய்வில் கிடைத்தது அரச தரப்பின் சொத்து இல்லை, நீதி நடக்கப் பொதுமக்களுக்கு உரியது என்ற கருத்தில் எழுதியது. சாதகமோ பாதகமோ, சம்பந்தம் இருந்தால் கொடு.

நம் சட்டக்கோவையில் அவ்வளவு விரிவான தனி விதி இல்லை. நாம் 13(3) ஐயும் 2001 தீர்ப்பையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மச்சானுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் ஆனது, அங்கே விடியவில்லை, இங்கே சோறு ஆறிவிட்டது.

பெப்ரவரி 16, காலை

ஒரு திருத்தம். முதல் முறைப்பாடு கையில் கிடைத்ததும் வழக்கு முடிந்தது என்பதுபோல எழுதிவிட்டேன் போலிருக்கிறது, இரண்டு பேர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. பொலிசுக்குச் சொன்ன வாக்குமூலம் தானாகச் சாட்சியம் ஆகாது. சாட்சி கூண்டில் ஏறி "மண்வெட்டியால் வெட்டினார்" என்று சொல்ல வேண்டும், அதன் பிறகு நமது சட்டத்தரணி "அன்று நிலையத்தில் இப்படிச் சொன்னீர்களா?" என்று அந்தப் பகுதியைக் காட்டிக் கேட்டு முரண்பாடாகக் குறிக்க வேண்டும். அவர் கூண்டில் பிடி என்றே சொல்லிவிட்டால் முரண்பாடும் இல்லை, நமக்குச் சண்டையும் இல்லை.

இன்னொன்று, அண்ணா பொலிசாரிடம் "நான்தான் செய்தேன்" என்று ஏதும் கையெழுத்து வைத்துவிட்டாரா என்று பயப்படுகிறீர்கள். சாதாரண வழக்கில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது, சாட்சிக் கட்டளைச் சட்டம் 25 ஆம் பிரிவு. ஒப்புதலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் 27 ஆம் பிரிவில் அந்தக் கண்டுபிடிப்பு தொடர்பான துண்டு மட்டும் உள்ளே வரும். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு மட்டும் வேறு, அங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அதற்கு மேற்பட்டவரும் எடுத்த ஒப்புதல் வரலாம். அந்தச் சட்டத்தால் எத்தனை வீடு இருண்டது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பெப்ரவரி 16, பின்னேரம்

குறிப்புகளில் தங்கம் என்று சொன்னேனே, பொலிசார் எழுதியும் பட்டியலில் போடாத ஆட்கள்தான் அது. எங்கள் வழக்கில் சாட்சிப் பட்டியலில் ஐந்து பேர், வட்டை விதானை (வயல் வேலைகளைப் பார்க்கும் பொறுப்பாளர்) பெயர் அதில் இல்லை. ஒருநாள் தேநீர்க் கடையில் அவரே சொன்னார், "என்னட்டையும் எழுதினவங்க மனே, அடுத்த நாளே எழுதினவங்க." பொலிசார் எழுதினார்கள், பட்டியலில் போடவில்லை. ஏன் என்றால் அவர் சொன்னது அவர்களுக்கு உதவாது. பிடி கழன்ற மண்வெட்டியை வரம்பில் கண்டவர் அவர்தான்.

இதைத்தான் நான் இரண்டு வருடத்தில் படித்தது. பட்டியலில் இருப்பவர்களின் பிரதியை மட்டும் கேட்டால் பட்டியலில் இருப்பதுதான் வரும். பொலிசார் யார் யாரிடம் எழுதினார்கள் என்று ஊரிலும் விசாரியுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் இரண்டாவது நகர்த்தல் பத்திரத்தில் விதானையின் பெயரும் திகதியும் போட்டோம். பொலிஸ் தரப்பு முகம் சுளித்தது, நீதவான் கொடுக்கச் சொன்னார்.

பெப்ரவரி 20

சீசீடீவி. அண்ணாவின் சம்பவம் கடைத்தெருவில் என்றால் இன்றே போய்ப் பாருங்கள், நாளைக்கு இல்லை. கடைக் கமராக்கள் பழையதை அழித்து அதன் மேல் பதியும். நம் பக்கத்துக்கு உதவும் காட்சி என்றால் கடைக்காரரிடம் நல்ல முறையில் பேசிப் பாதுகாத்து வைக்கச் சொல்லிவிட்டு, நீதிமன்றத்தின் மூலம் எடுப்பிக்கச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

பொலிஸ் தரப்பு அப்படி ஒரு பதிவை வைக்கப் போகிறது என்றால் 45 நாளில் உங்களுக்குத் தர வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம்.

பெப்ரவரி 21

நேற்று அரைத்தூக்கத்தில் எழுதியது பிழை. 45 நாளில் இல்லை, விளக்கத் திகதிக்கு 45 நாளுக்கு முன்னராவது அறிவித்தல் கொடுக்க வேண்டும். கைது செய்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. அறிவித்தல் வந்தால் பதிவைப் பார்க்க அனுமதி கேட்கலாம். 2006 இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் என்று இன்னொன்றும் உண்டு, வட்ஸ்அப் செய்தி, தொலைபேசிப் பதிவு என்றால் எந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பொறுத்து நடைமுறை மாறும். இது சட்டத்தரணியின் வேலை, மாமனின் வேலை இல்லை.

திருத்திச் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நன்றி. சிவப்புப் பேனை இன்னும் காயவில்லை சேர்.

மார்ச் 2

தகவலறியும் சட்டத்தில் (2016 இல் வந்தது) கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கு நடக்கும்போது அது சுற்றுவழி. குற்றத்தைக் கண்டுபிடிக்கவும் வழக்குத் தொடரவும் பாரதூரமான பாதிப்பு வரும் என்றால் மறுக்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. கோட்டிலேயே கேளுங்கள்.

இதுவரை அவர்கள் தர வேண்டியதையே பேசினோம். நாம் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. "அந்த நேரம் நான் அங்கே இல்லை, வாழைச்சேனையில் இருந்தேன்" என்பதுதான் அண்ணாவின் பதில் என்றால், அதுவும் வழக்கு மேல் நீதிமன்றத்தில் என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 126அ பிரிவைப் பற்றி உடனே கேளுங்கள். பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்திலோ ஆரம்ப விசாரணையிலோ சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கம் தொடங்க 14 நாளுக்கு முன் சட்டமா அதிபருக்கு அறிவித்திருக்க வேண்டும். கடைசி நாளில் பஸ் டிக்கட்டைத் தூக்கிக் காட்டலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தால் பைக்குள்ளேயே இருக்கும்.

மார்ச் 3

பிரதி கையில் கிடைத்த அன்றே மருமகனின் சித்தப்பா ஒருவர் அதை எடுத்துக்கொண்டு சாட்சி வீட்டுக்கு "ஒரு வார்த்தை கேட்க" மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். சாவியைப் பிடுங்கி வைத்தேன். சாட்சியை மிரட்டினால், ஏன், மிரட்டியதாகச் சொன்னாலே, சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்கும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புதிய வழக்கு, அதில் பிணை எடுப்பதும் இலேசில்லை. முகநூலிலும் போடாதீர்கள். அவர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை.

மார்ச் 18

முடிவு என்ன ஆனது என்று கேட்டு அலுத்துவிட்டீர்கள். சட்ட மருத்துவ அறிக்கையில் தோளில் கண்டல் (கன்றிப்போன காயம்) என்றுதான் இருந்தது, வெட்டுக் காயம் இல்லை. (அதையும் நாங்கள் மூன்றாவதாகத்தான் கேட்டு வாங்கினோம், முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் வழக்கில் காயம் சம்பந்தப்பட்டிருந்தால் இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள்.) சாட்சி கூண்டில் பிடியா மண்வெட்டியா என்று மூன்று முறை மாற்றிச் சொன்னார். பொலிசார் குற்றச்சாட்டை 314 க்குத் திருத்தினார்கள். அதன் பிறகு இரு பக்கமும் சமாதானமாகப் போய், மருமகன் வைத்தியச் செலவுக்கு ஒரு தொகை கொடுத்து முடிந்தது. அடித்தது அடித்ததுதானே.

மார்ச் 18, இரவு

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. அண்ணாவுக்கு இருபத்தாறாம் திகதி தவணை, சட்டத்தரணிக்குக் காசு இல்லை. சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்காகக் கோட்டில் தோன்றுவார்கள். கிராம சேவகரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு, குற்றச்சாட்டுப் பத்திரம், பிணைப் பத்திரம், தவணை எழுதிய துண்டு எல்லாவற்றின் பிரதியோடும் போங்கள். இருபத்தைந்தாம் திகதி போகாதீர்கள், நாளைக்கே போங்கள். முதல் முறைப்பாடு, இரண்டாம் மூன்றாம் வாக்குமூலங்கள், மருத்துவ அறிக்கை, அண்ணா தானே கொடுத்த வாக்குமூலம், பட்டியலில் இல்லாமல் எழுதப்பட்ட ஆட்கள். இவற்றையெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். பிரதி வந்ததும் பக்க இலக்கங்களை எண்ணிப் பாருங்கள், எங்களுக்கு முதல் தரம் இரண்டாம் பக்கம் இல்லாமல்தான் வந்தது.